பத்து நாள் முன்னதாக வந்த ஆறாமீன்

ஆலோசனைக் குழு என்று யாராவது சொன்னால் இந்த வயதிலும் எனக்கு எரிச்சல் வருகிறது. உத்தரவு போடுகிறவன் நாளைக்கு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆலோசனை சொல்கிறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. சொல்வான், காப்பியைக் குடிப்பான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். எங்கள் குழுவில் அப்படி ஐந்து பேர் இருந்தார்கள். நான் குழுவில் இல்லை. அவர்கள் சொன்னதைச் செய்கிற இடத்தில் இருந்தேன். செய்யவும் செய்தேன்.

கொல்லிமலைக்கு ரோடு வருவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தைய கதை இது. இன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு ஏறுகிறவர்களுக்குத் தெரியாது, அப்போது உப்பு முதல் ஆபீஸ் பீரோ வரை எல்லாமே காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்திலிருந்து ஆள் தலையில்தான் ஏறின. செம்மேட்டில் ஒரு கிளை ஆபீஸ், ஒரு பள்ளிக்கூடம், டாக்டர் இல்லாமல் கம்பவுண்டர் மட்டும் இருந்த ஒரு ஆஸ்பத்திரி, வாரம் ஒரு சந்தை. அந்த ஊருக்குத்தான் சர்க்கார் நட்சத்திரங்களை அனுப்பி வைத்தது.

கீழே ஏதோ ஒரு பொருட்காட்சிக்காகச் செய்த சாமான் அது. பொருட்காட்சி முடிந்ததும் வைக்க இடமில்லை, தூக்கிப் போட மனசுமில்லை. யாரோ ஒரு புண்ணியவான் 'மலைவாழ் மக்களின் விஞ்ஞான அறிவு வளர்ச்சிக்கு' என்று ஒரு காகிதத்தில் எழுதினார். அது திட்டமாகிவிட்டது. திட்டமென்றால் ஒரு ஆலோசனைக் குழு வேண்டும், குழு வந்தது. நடத்த ஓர் ஆள் வேண்டும். சேந்தமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் விஞ்ஞானப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து மலையேற்றினார்கள். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. ஏன் போகிறாய் என்று கேட்க ஆளில்லை.

இன்றைக்குக் கோளரங்கம் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் போர்டில் 'நட்சத்திர மண்டபம்' என்று இருந்தது. மண்டபமாவது! வட்டமாக எழுப்பிய மண்சுவர், மேலே புல் கூரை, உள்ளே குடை போல இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணி. நடுவில் மர ஸ்டாண்டின் மேல் உருண்டையான ஒரு தகர டப்பா. அதில் ஆணியால் குத்திய ஓட்டைகள், பெரிய நட்சத்திரத்துக்குப் பெரிய ஓட்டை, சின்னதுக்குச் சின்னது. டப்பாவுக்குள் ஒரு சிறிய பல்பு, அதற்கு ஒரு லாரி பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் ஒருவன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கதவைச் சாத்தி, கம்பளியைத் தொங்கவிட்டு, பல்பைப் போட்டால் பட்டப்பகலில் துணியெங்கும் நட்சத்திரம். டப்பாவின் அடியில் ஒரு தகர வளையம். அதில் மாசமும் தேதியும் எழுதியிருக்கும். எந்தத் தேதிக்கு நேராக முள்ளை நிறுத்துகிறோமோ அந்த நாளின் விடியற்கால வானம் மேலே தெரியும். சன்னல் கிடையாது. ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் எல்லாம் வெளுத்துவிடும்.

வந்த புதிதில் எனக்கும் அது ஒரு கேலிக்கூத்தாகத்தான் இருந்தது. பிறகு அதன் மேல் பைத்தியமாகிவிட்டேன். அதை ஒளித்து வைப்பதில் பயனில்லை. சந்தை நாளில் மிளகு மூட்டையையும் பலாப்பழத்தையும் வெளியே இறக்கி வைத்துவிட்டு சனங்கள் உள்ளே வந்து பாயில் மல்லாந்து படுப்பார்கள். நான் பல்பைப் போடுவேன். நாற்பது பேர் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். அப்படித்தான் ஆகியும் போயிற்று. அவர்கள் யாரும் மண்டபம் என்று சொன்னதில்லை. அவர்கள் வாயில் அது இருட்டூடு, அதாவது இருட்டு வீடு.

நட்சத்திரம் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனது இருக்கிறதே, அது வேறு தமாஷ். முதல் மாசமே, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, கம்பளியை விட்டு உடம்பைப் பிரித்துப் பார்க்க முடியாது. அந்த ஊரில் அவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. எந்த மீன் எப்போது கிழக்கே வருகிறது, எப்போது மேற்கே இறங்குகிறது என்று பார்த்து ஊர்க்கவுண்டரிடம் சொல்ல வேண்டும். விதைப்பு, நோன்பு எல்லாம் அவர் வாக்கை வைத்துத்தான். வெள்ளி பார்க்கிறவர் என்று சொல்வார்கள். அவர் படுத்திருந்து முழுதும் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, ஆறாமீன ஏனுங்க இத்தனை தள்ளி வெச்சிருக்கறீங்க?"

ஆறாமீன் என்றால் பஞ்சாங்கத்தில் கார்த்திகை. ஆறு நட்சத்திரம் ஒரு கைப்பிடி போலச் சேர்ந்து நிற்குமே, அது. நான் புத்தகத்தைத் திறந்து, ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. டப்பாவைச் செய்த தகரவேலைக்காரன் ஆணியை இரண்டு விரல் தள்ளிக் குத்தியிருந்தான். பழைய ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தேன். அவர் விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் புதிதாக ஆறு ஓட்டை போட்டேன். மறுபடி பல்பைப் போட்டதும் மேலே பார்த்துச் சிரித்தார்.

"இப்பச் சரிங்க. இப்ப இது மெய்யான வானமுங்க."

அதற்குப் பிறகு சந்தைக்கு வரும்போதெல்லாம் எட்டிப்பார்ப்பார். எனக்கு ஒரு சீப்பு மலைவாழை கொண்டுவந்து ஸ்டாண்டின் கீழே வைப்பார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை என்றும், இப்போதுதான் சம்சாரம் முழுகாமல் இருப்பதாகவும் ஒருநாள் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வருஷம் கோடையில்தான் காய்ச்சல் வந்தது. கப்பலில் வந்து பட்டணத்தில் இறங்கி, ரயிலேறி எல்லா ஊருக்கும் போகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். உலகம் பூராவும் இருக்கிறதாம். எங்களுக்குப் பேப்பர் வந்து சேருவதற்குள் காய்ச்சலே காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்துவிட்டது. பேப்பரில் ஃப்ளூ, சனங்களுக்கு விஷக்காய்ச்சல். கீழே பேட்டரி கொண்டுபோனவன் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தான். ஒரு வாரத்தில் செம்மேட்டில் பாதி வீடுகளில் ஆள் படுக்கை.

ஆலோசனைக் குழு கூடியது. தலைவர் எங்கள் ஆபீசின் மேலதிகாரி. மற்றவர்கள் ஒரு காப்பித் தோட்டத்து முதலாளி, காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து வந்து போகும் ஒரு மிளகு வியாபாரி, பள்ளித் தலைமையாசிரியர், கம்பவுண்டர். கம்பவுண்டர் ஒருவர்தான் வாயைத் திறந்து உருப்படியாகப் பேசினார்.

"சன்னல் இல்லாத ஊட்டுக்குள்ள நாப்பது பேரைப் படுக்க வெச்சுக் கதவைச் சாத்தறதுங்க... இதைவிட நல்லாக் காய்ச்சலைப் பரப்போணுமுன்னா எனக்கு வழி தெரியலீங்க. மூடீருங்க."

தலைவர் பென்சிலை மேசையில் தட்டினார். மூடினால் மூடியதாக மேலே எழுத வேண்டும். எழுதினால், மூடியும் ஒன்றும் குடி முழுகவில்லையே, பிறகு எதற்குத் திறந்தீர்கள் என்று கேள்வி வரும். அதனால் மூட வேண்டாம், 'தக்க முன்னெச்சரிக்கையுடன்' நடத்தலாம் என்றார். உடனே ஆலோசனைகள் வந்து குவிந்தன. தோட்டத்து முதலாளி சாம்பிராணி போடச் சொன்னார். தலைமையாசிரியர் வாயில் துணி கட்டிக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாம் என்றார். வியாபாரி, வருகிறவர்களுக்கு ஆளுக்கு நாலு மிளகு மெல்லக் கொடுத்தால் எந்தக் காய்ச்சலும் அண்டாது என்றார். அவரிடம் மிளகு மூட்டை மூட்டையாக இருந்தது. நோய் குறித்துக் கம்பவுண்டர் கருத்துத் தெரிவித்தார் என்று நடவடிக்கைப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன். என்ன கருத்து என்று எழுதச் சொல்லவில்லை.

நான் எழுந்து கம்பவுண்டர் சொல்வதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதா? ஊரிலேயே விஞ்ஞானம் படித்தவன் நான்தானே. ஆனால் மூடினால் மறுபடி திறக்க மாட்டார்கள் என்று எனக்குப் பயம். டப்பாவைச் சாக்கில் கட்டிக் கீழே அனுப்பிவிடுவார்கள், நான் பழையபடி முப்பது பையன்களுக்கு நெம்புகோல் நடத்தப் போய்விடுவேன். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இது இப்படி இருக்க, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர் கட்டுப் போட்டுக்கொண்டது. காய்ச்சல் செம்மேட்டுக்கு வந்த அன்றைக்கே போட்டுவிட்டார்கள். ஊருக்குள் நுழைகிற ஒற்றையடிப் பாதையில் காட்டுக்கொடியை முறுக்கி இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டி, அதில் ஒரு பழைய முறத்தைத் தொங்கவிடுவார்கள். அதைத் தாண்டி ஒருவரும் உள்ளே போகக் கூடாது, ஒருவரும் வெளியே வரக் கூடாது. பக்கத்தில் ஒரு தட்டைக் கல். உப்போ மண்ணெண்ணெயோ வேண்டுமென்றால் செம்மேட்டு ஆள் அதன் மேல் வைத்துவிட்டு எட்டப் போய் நிற்க வேண்டும். ஊர் ஆள் வந்து எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தினையோ மிளகோ வைத்துவிட்டுப் போவார். கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டு வந்து, நான் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றாது என்றார். அவர்கள் ஊரில் அதுவரை ஒருவருக்குத் தும்மல்கூட இல்லை.

கட்டை எப்போது அவிழ்ப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. கோடையில் ஆறாமீன் சூரியனோடு சேர்ந்து மறைந்துபோகும். ஆனி பிறந்து சில நாளில், விடியற்காலம் கிழக்கே மறுபடி தலைகாட்டும். வெள்ளி பார்க்கிறவர் அதைத் தன் கண்ணால் பார்த்து ஊர்க்கவுண்டரிடம் சொன்னால்தான் கொடியை அறுப்பார்கள். பார்க்கும்வரை, யார் வந்து என்ன சொன்னாலும், அறுக்க மாட்டார்கள்.

வைகாசி முடிகிற சமயத்தில் ஒரு கடிதம் வந்தது. மலைவாழ் மக்களிடையே நட்சத்திர மண்டபம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் நாலு நாளில் நேரில் வருகிறார். திருப்தி இருந்தால் நீடிக்கும், இல்லாவிட்டால் சாமான்களைக் கீழே அனுப்ப வேண்டியது. குழு அவசரமாகக் கூடியது. கம்பவுண்டர் வரவில்லை, அவருக்கே காய்ச்சல். செம்மேட்டில் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஆள் பத்துப் பேர் இல்லை. மண்டபத்தை யாரைக் கொண்டு நிரப்புவது?

"ஓடைக்கு அந்தாண்ட ஊர்ல எல்லாரும் திடமா இருக்கறாங்கல்லங்க? அவிங்களைக் கூட்டியாரலாம்" என்றார் தோட்டத்து முதலாளி. நல்ல ஆலோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டிவருகிற ஆள் நான்.

மறுநாள் காலை ஓடையைத் தாண்டிப் போய்க் கொடிக்கு இந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தேன். ஊர்க்கவுண்டரும் வெள்ளி பார்க்கிறவரும் வந்து அந்தப் பக்கம் நின்றார்கள். ஊர்க்கவுண்டர் வயசாளி, ஆனால் குரல் கணீரென்று இருக்கும். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஆறாமீனு வரட்டுமுங்க. வந்தா நாங்களே வாரோம்" என்றார்.

"வானம் பூராவும் மூடாப்பா இருக்குதுங்களே. ஒருவேளை மேகத்துக்குப் பின்னால வந்திருந்தா?"

"மேகத்துக்குப் பின்னால வந்தா அது வந்ததாகாது சாமி. கண்ணுல படோணும்."

வெள்ளி பார்க்கிறவர் முறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊர்க்கவுண்டர் திரும்பி நடந்த பிறகு, கொடிக்குப் பக்கத்தில் வந்தார்.

"ஊட்டுக்காரிக்கு இதுதானுங்க மாசம். கால் ரண்டும் வீங்கிக் கெடக்குது. மருத்துவச்சி செம்மேட்டுக்கு அந்தாண்ட இருக்கறா. கட்டு இருக்கறப்ப அவ எப்படீங்க வருவா? காய்ச்சல் போயிருந்தாத் தேவலை. போகாம அவுத்தாலும் ஆகாது. ரண்டுக்கும் நடுவுல நிக்கறேனுங்க. அந்த ஆறாமீனு கண்ணுல பட்டுட்டா எனக்கு உசுரு வந்துரும்."

அதையெல்லாம் நான் கேட்டேன். நன்றாகக் காதில் விழுந்தது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு எனக்கு நானே, அவருடைய நிலைமை எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்து தலைவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். "இதுக்கா முகத்தை இப்படி வெச்சுக்கிட்டு வந்தீங்க? வானமே உங்க டப்பாவுக்குள்ளதானே இருக்குது வாத்தியார்? வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார். இதுதான் அந்த ஆலோசனை. நடவடிக்கைப் புத்தகத்தில் இது இல்லை.

மறுநாளும் போனேன். மேகம் மறைத்தாலும் இருட்டூட்டில் இன்றைய வானத்தைப் பார்க்கலாமே என்றேன். ஊர்க்கவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. துணியில் தெரிகிறது மீனாகாது என்றார். எனக்காக வாதாடியவர் வெள்ளி பார்க்கிறவர்தான்.

"வாத்தியாரு டப்பா பொய் சொல்லாதுங்க. அந்த ஆறாமீன எடம் பாத்து வெச்சதே நான்தானுங்களே. நான் போயிப் பாத்துட்டு வாரேன். வந்திருந்தா வந்திருக்குதும்பேன். வல்லீன்னா வல்லீம்பேன்."

வானம் பார்க்க அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது வழக்கத்திலேயே இருந்தது. மேகம் மூடினால் வேறு மேட்டுக்குப் போய்ப் பார்ப்பாராம். ஊர்க்கவுண்டர் அரைமனதோடு, சரி, ஒருத்தரையும் தொடாமல் போய் வா என்றார்.

அன்று மத்தியானம் அவர் வருவதற்கு முன்னால் நான் மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பல்பைப் போட்டேன். முள்ளை அன்றைய தேதிக்கு நேராக நிறுத்தினேன். கிழக்கே ஆறாமீன் இல்லை. துணியின் விளிம்புக்குக் கீழே, மண்சுவரில் மங்கலாக ஆறு புள்ளி கிடந்தது. அந்த நேரத்தில்கூட நான் அவரிடம் இன்னும் வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். டப்பாவை மெதுவாகத் திருப்பினேன். ஆறு புள்ளியும் சுவரிலிருந்து துணிக்கு ஏறின. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பத்து நாள் கழித்து வரும் தேதியில் நின்றது.

அவர் வந்தார். வாசலில் கால் கழுவிவிட்டு வந்தார். அப்படி அதற்கு முன்னால் செய்ததில்லை. பாயில் படுக்காமல் நின்றபடியே கிழக்கே பார்த்தார். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"இது நாளைக்குக் காத்தால இருக்கற வானந்தானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"வந்துருச்சுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். வளையத்தில் எழுதியிருந்த தேதி அவருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குனிந்து பார்த்திருக்க மாட்டார். என் வாயைத்தான் நம்பினார்.

அன்று சாயந்திரமே கொடியை அறுத்துவிட்டார்கள்.

மறுநாளே அதிகாரி டோலியில் வந்து இறங்கினார். பின்னால் குமாஸ்தா, டவாலி, சமையல்காரன், டோலி தூக்கியவர்கள் என்று ஒரு படை. குமாஸ்தா அடிவாரத்திலிருந்தே இருமிக்கொண்டு வந்தாராம். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள், ஆண்களும் பெண்களும், நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். ஊர்க்கவுண்டர் முன் பாயில். வெள்ளி பார்க்கிறவர் டப்பாவுக்குப் பக்கத்தில். சம்சாரம் வீட்டில் இருந்தாள், மருத்துவச்சி வந்து பார்த்துவிட்டுப் போனாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். கதவைச் சாத்தினேன். கம்பளியைத் தொங்கவிட்டேன். பல்பைப் போட்டதும் அந்த மூச்சிழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மணி நேரம் நான் பேசினேன். நடுவில் வேறு சத்தமே இல்லை, குமாஸ்தாவின் இருமல் ஒன்றைத் தவிர. சாம்பிராணிகூடப் போட்டிருந்தோம்.

அதிகாரிக்குப் பரம திருப்தி. கொள்ளைநோய்க் காலத்திலும் மக்கள் இவ்வளவு ஆர்வமாக வந்திருப்பது ஆலோசனைக் குழுவின் விடாமுயற்சியைக் காட்டுகிறது என்று வருகைப் புத்தகத்தில் எழுதிவிட்டு இறங்கிப் போனார். தலைவர் என் முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று நாள் இருந்தது அந்தப் பெருமை.

நாலாம் நாள் அந்த ஊரில் முதல் ஆள் படுத்தார். அப்புறம் வரிசையாக. அதுவரை தும்மல்கூட இல்லாத ஊர், நாலே நாளில் அடுப்பு எரியாத ஊராகிவிட்டது. கம்பவுண்டர் தன் காய்ச்சல் விடாமலே மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடினார். பெரும்பாலானவர்கள் எழுந்துகொண்டார்கள். சிலர் எழவில்லை. வெள்ளி பார்க்கிறவருடைய சம்சாரம் எழவில்லை. நெஞ்சில் சளி கட்டி, படுத்த மூன்றாம் நாளே போய்விட்டாள். குழந்தை பிறக்கவே இல்லை. மருத்துவச்சி வாசலில்தான் உட்கார்ந்திருந்தாளாம்.

கம்பவுண்டர் வந்து இதை என்னிடம் சொன்னபோது நான் மண்டபத்து வெள்ளைத் துணியைக் கழற்றித் துவைத்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அந்த மலையில் இருந்தவரை அவர் என்னோடு பேசியதில்லை.

அதற்குப் பிறகுதான் மேகம் விலகிற்று. ஒரு விடியற்காலம் கிழக்கே ஆறாமீன் பளிச்சென்று நின்றது. நானும் பார்த்தேன். டப்பா சொன்ன தேதியேதான், ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களும் பார்த்தார்கள். அடிவானத்திலிருந்து அது ஒரு முழம்கூட ஏறவில்லை, அன்றைக்குத்தான் வந்திருக்கிறது என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் அன்று வந்துவிட்டது என்று சொன்னவன்? பொய் சொல்லியிருக்கிறான். மருத்துவச்சியைக் கூட்டிவர வேண்டும் என்று, தன் வீட்டுக் காரியத்துக்காக, ஊர்க்கட்டை அவிழ்க்க வைத்துவிட்டான். டப்பாவில் பார்த்ததும் அவன் ஒருவன்தான், வேறு சாட்சி இல்லை. இப்படித்தான் ஊர் நினைத்தது. வேறு எப்படி நினைக்க முடியும்?

இரண்டு நாள் கழித்து அவர் மண்டபத்துக்கு வந்தார். சந்தை நாள் இல்லை. நான் தனியாக இருந்தேன். கம்பளி இல்லாமல் வந்திருந்தார். அப்போதுதான் அவர் எவ்வளவு ஒல்லி என்று தெரிந்தது.

"வாத்தியாரே, அன்னிக்குக் காட்டுனீங்களே, அந்த வானத்தை மறுக்காக் காட்டுங்க."

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்தினேன், பல்பைப் போட்டேன். இந்தத் தடவை முள்ளை அந்த நாளுக்கு நேராகவே நிறுத்தினேன். அவர் கிழக்கே போய்க் குனிந்து, மண்சுவரில் விழுந்த ஆறு புள்ளியையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"டப்பா தப்புங்களா, நீங்க தப்புங்களா?"

"நாந்தான். நான்தான் திருப்பி வெச்சேன்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார்.

"என்னைய வெள்ளி பாக்கறதுல இருந்து எறக்கீட்டாங்க. அது போனாப் போகுது. எங்கூட ஆருமு பேசறதில்லீங்க. அவளைப் பொதைக்கறப்பவே ஆருமு பக்கத்துல வல்லீங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். நீங்க ஒருக்கா ஊருக்கு வந்து, அந்தத் தட்டைக் கல்லுகிட்ட நின்னு, ஊரு கூடியிருக்கறப்ப, இவன் பொய் சொல்லலீன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். அது போதும்."

"வாரேனுங்க. கட்டாயம் வாரேன்" என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகத்தான் சொன்னேன்.

அப்படியே கிளம்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று தலைவரிடம் போனேன். அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். நீங்கள் போய்ச் சொன்னால் ஊரில் கலவரமாகும், போலீஸ் வரும், சர்க்கார் திருப்பிவைத்த வானத்தால் ஆட்கள் செத்தார்கள் என்று பேப்பரில் வரும், உங்கள் வேலை மட்டும் போகாது என்றார். "உத்தரவா எதுவும் சொல்லலை. ஆலோசனைதான். கொஞ்ச நாள் போகட்டும், அவங்களே மறந்துருவாங்க" என்றார். அடுத்த வாரக் கூட்டத்தில், கொள்ளைநோய்க் காலத்திலும் மண்டபம் ஒரு நாளும் மூடப்படாமல் சிறப்பாக இயங்கியது என்று தீர்மானம் போட்டார்கள். எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருந்தது.

இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சந்தை நாளில் அவர் தூரத்தில் தனியாக நிற்பதைப் பார்ப்பேன். கிட்ட வரமாட்டார், கேட்கமாட்டார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து அதற்குப் பிறகு ஒருவரும் மண்டபத்துக்குள் கால் வைக்கவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகித் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது. கூரைக்குப் பணம் கேட்டு எழுதினால், சாமான்களைக் கீழே அனுப்பும்படி பதில் வந்தது. எந்த டப்பாவை விடக் கூடாது என்று அவ்வளவும் செய்தேனோ, அதைச் சாக்கில் கட்ட இரண்டு ஆளுக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கீழே இறங்கக் குறுக்குவழி அந்த ஊர் வழியாகத்தான் போனது. சுமைக்காரர்களை அந்த வழியில் அனுப்பினேன். எனக்கு ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர்கள் போனதும், நான் சுற்று வழியில் இறங்கினேன்.

அடிவாரத்தில் புளியமரத்தடியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் தலைச்சுமாட்டை உதறிக்கொண்டே சொன்னார்.

"அந்தத் தட்டைக் கல்லு மேல ஒருத்தரு உக்காந்திருந்தாருங்க. டப்பாவைப் பாத்துட்டு, வாத்தியாரு வல்லீங்களான்னு கேட்டாரு. பின்னாடியே வாராருங்கன்னு சொல்லிப்போட்டு வந்தோமுங்க. அப்பச் சரி, இருக்கறேன்னாரு."